உப்புக்கிடங்கு முனையில் காயாத ரத்தம்

உப்புக்கிடங்குத் தெருவும் துறைமுக லைனும் முட்டிக்கொள்கிற முனையில், சித்திரை வெயிலில், ஒரு சினிமாக் கம்பெனி பக்கெட் பக்கெட்டாக ரத்தத்தைக் கொட்டிப் படம் எடுத்துவிட்டுப் போனது. அந்த ரத்தம் அன்று சாயங்காலமே காய்ந்திருக்க வேண்டும், காயவில்லை. மறுநாள் காயவில்லை, கத்திரியில் தார் உருகியபோதும் காயவில்லை, ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர் நின்றபோது தண்ணீருக்கு மேலே எண்ணெய் மாதிரி மிதந்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் அதே இடத்தில், அதே அளவில், இப்போதுதான் யாரையோ வெட்டிப் போட்டதுபோலப் பளபளவென்று உட்கார்ந்துகொண்டது. இதற்கெல்லாம் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. வடசென்னையில் எங்கள் வாசலில் எதையாவது கொட்டுகிறவர்கள் எங்களைக் கேட்டுக் கொட்டுவதில்லை. சாம்பல் கொட்டியிருக்கிறார்கள், கழிவு எண்ணெய் கொட்டியிருக்கிறார்கள், இந்தத் தடவை ரத்தம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். எங்கள் இரண்டு தெருவுக்கும் பகை கிடையாது. திருவிழாவுக்கு யார் ஸ்பீக்கர் பெரிதாக வைப்பது என்று சண்டை வரும், தண்ணீர் லாரி வந்தால் சண்டை வரும், அதற்குப் பெயர் பகை என்றால் கார் நிறுத்துகிற இடத்துக்காகக் கத்திக்கொள்கிற அபார்ட்மெண்ட்காரர்களை வைத்து இதுவரை நூறு ரத்தப் படம் வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

பகையை இயக்குநர்தான் கண்டுபிடித்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை இரண்டு தெருவும் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும், சிரித்துவிட்டு வாயைக் கோணிக்கொள்ளும். அவர் லொக்கேஷன் பார்க்க வந்த அன்று, முனையில் இருக்கிற கேரம் கொட்டகையில் என் தம்பி எபினேசரும் டில்லிபாபுவும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எபி எங்கள் துறைமுக லைன். டில்லி உப்புக்கிடங்குத் தெரு, முனையில் இட்லிக்கடை போட்டிருக்கிற அமுலு அக்காவின் மகன். இரண்டு பேரும் ஜோடி. கேரம் ஆடியவர்களுக்குத் தெரியும், இரட்டையர் ஆட்டத்தில் ஜோடிகள் எதிரெதிரேதான் உட்கார வேண்டும். எதிராளிகள் இடதும் வலதுமாக, பக்கத்தில்தான் இருப்பார்கள். இயக்குநருக்கு அது தெரியாது. அவர் பார்த்ததெல்லாம், எபி சிவப்புக் காயைக் கோட்டைவிட்டதும் டில்லி பலகைக்கு மேலே எம்பி, "கண்ண வூட்ல கழட்டி வெச்சிட்டு வந்தியாடா? வெளிய வா, சாவடிக்கிறேன்" என்று கத்தியதை. பக்கத்தில் இருந்தவரிடம் இயக்குநர் மெல்ல விசாரித்தார்: "இவங்களுக்குள்ள ரொம்ப நாளாவா?"

"எப்பவும் இதான் சார். அவன் வுடுவான், இவன் அடிக்க வருவான்."

"ரெண்டு பேரும் ஒரே தெருவா?"

"இல்ல சார், வேற வேற."

அந்த இடத்தில் இயக்குநருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதைப் பிறகு அவரே பல பேட்டிகளில் சொன்னார். இரண்டு பக்கமும் தோள் இடிக்க அமைதியாக உட்கார்ந்திருந்த நிஜமான எதிராளிகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு தெருப் பையன்கள், இரண்டு கூட்டம், கத்தி, பழிக்குப் பழி, நடுவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் என்று கதை எழுதப்பட்டது. எபியையும் டில்லியையுமே நடிக்க வைத்தார்கள். உச்சகட்டத்தில் எபி டில்லியைக் குத்திவிடுவான், டில்லி முனையில் விழுந்து வெகுநேரம் சாவான், எபி கடற்கரையில் நடந்துபோவான், அந்த நடையில் அவன் சிறுவனிலிருந்து மனிதனாகிவிடுவான். இதை "வளரும் பருவத்தின் காவியம்" என்று விமர்சகர்கள் எழுதினார்கள். எங்கள் தெருவில் பையன்கள் வளர்வதற்கு இதுவரை யாரையும் குத்தத் தேவைப்பட்டதில்லை. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையே போதுமானதாக இருந்தது. 'படம் உங்கள் பக்கம் நின்றுதானே பேசுகிறது' என்று சட்டக் கல்லூரியில் என் வகுப்பிலேயே ஒருத்தி கேட்டாள். எங்கள் பக்கம் நிற்பதற்கு எங்களை எதற்காகக் கொலைகாரர்களாக்க வேண்டியிருந்தது என்று நான் கேட்டேன். அவள் அழகியல் என்றாள். அந்த வார்த்தைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

சரி, ரத்தத்துக்கு வருகிறேன்.

முதலில் எறும்புகள் வந்தன. நிஜ ரத்தத்துக்கு ஈ வரும். இது சர்க்கரைப் பாகில் கலர் கலந்தது, ஆகவே தெற்கே கொட்டிவாக்கத்துக்கே கேட்கும்படி யாரோ கூப்பிட்டதுபோல எறும்புகள் வரிசை வரிசையாக வந்தன, இட்லிக்கடை மேசையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்க வைத்தார் அமுலு அக்கா. கார்ப்பரேஷன்காரர்கள் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். வெள்ளையைக் குடித்துவிட்டு ரத்தம் இன்னும் சிவப்பானது. சிமெண்ட் பூசினார்கள், சாயங்காலத்துக்குள் சிமெண்டின் மேலே வியர்த்துக்கொண்டு வந்து, ரோஸ் எசன்ஸ் வாசனையோடு மினுக்கியது. ஒரு கட்சி, கறையைத் துடைப்போம் என்று பேனர் கட்டியது. எதிர்க்கட்சி, கறை படிந்தது யார் ஆட்சியில் என்று பக்கத்திலேயே பேனர் கட்டியது. பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. கல்யாண ஊர்வலம் அதைச் சுற்றிப் போனது, சாவு ஊர்வலமும் சுற்றிப் போனது, பறையடிக்கிறவர்கள் அந்த இடத்தில் தானாக அரை வட்டம் போட்டுத் திரும்பக் கற்றுக்கொண்டார்கள், வாசல் தெளிக்கிற பெண்கள் அதன் ஓரத்தையே ஒரு கோடாக வைத்துக் கோலத்தை இழுத்தார்கள், சாப்பாடு கொண்டுவருகிற பையன்கள் போனில், "அக்கா, ரத்தத்துகிட்ட வந்துட்டேன், லெஃப்டா ரைட்டா?" என்று கேட்டார்கள், குழந்தைகள் ஒற்றைக்காலில் அதைத் தாண்டி விளையாடினார்கள், விழுந்த குழந்தைகளின் கவுனில் மட்டும் கறை எத்தனை துவைத்தும் போகாமல் பள்ளிக்கூடத்தில் அடையாளம் காட்டிக்கொடுத்தது.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். தை மாதம் படம் வெளியானபோதுதான் சமாளிக்க முடியாதது ஆரம்பித்தது.

படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் சரகத்து இன்ஸ்பெக்டர் நேராக முனைக்கு வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கி, குனிந்து, விரலால் தொட்டு, மோந்து பார்த்து, நிமிர்ந்தார். கொலை நடந்திருக்கிறது என்றார். சினிமா ரத்தம் சார் என்றோம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். ஆய்வுக்கு அனுப்பினார், சர்க்கரை, சோளமாவு, கலர், எசன்ஸ் என்று பதில் வந்தது.

"அப்ப செத்தவனுக்கு சுகர் ஜாஸ்தி" என்றார் இன்ஸ்பெக்டர்.

அமுலு அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு டில்லியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். என் தம்பியை ஏற்கெனவே அங்கே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள் என்பதால் நானும் அங்கே இருந்தேன்.

"சார், செத்தவன் செத்தவன்றியே, தோ நிக்கறான் பாரு, காலைல எட்டு இட்லி துன்னான்."

இன்ஸ்பெக்டர் டில்லியை அன்போடு பார்த்தார். "நீ செத்த சீன்ல எங்க வீட்டுல எல்லாரும் அழுதுட்டாங்கப்பா. நல்லா பண்ணியிருந்த."

"தேங்க்ஸ் சார். ஆனா நான் சாவல சார்."

"நீ இல்லன்னா வேற எவனோ. ரத்தம் இருக்குதாம்மா? இருக்கு. அப்ப செத்தவன்னு ஒருத்தன் இருக்கணும், குத்தினவன்னு ஒருத்தன் இருக்கணும். குத்தினவன நான் கண்ணால பாத்துட்டேன், டிக்கெட் எடுத்துப் பாத்தேன். செத்தவன நிதானமாத் தேடிக்கலாம்."

நான் சட்டம் படிக்கிறவள். எனக்குத் தெரிந்த பிரிவுகளையெல்லாம் சொன்னேன். உடல் இல்லை, புகார் இல்லை, காணாமல் போனவர் இல்லை என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் எபியைப் பார்த்து, "உனக்கு எப்பப்பா பதினெட்டு?" என்று கேட்டார்.

"ஆடில சார்."

"அப்ப ஆடில வரேன். இப்பத் தூக்கினா சின்னப்பசங்க இல்லத்துக்குப் போவ, கேரம் ஆடிட்டு வெளிய வந்துடுவ. கேஸு வீணாயிடும்."

"குற்றம் நடந்த நாள்ல என்ன வயசோ அதுதான் சார் கணக்கு" என்றேன்.

"கரெக்ட்டு. நடந்த நாள் எது? போய்த் தொட்டுப் பாரும்மா. ஈரமா இருக்கு. ஈரமா இருந்தா இன்னிக்கு நடந்தது. நாளைக்கும் ஈரமா இருந்தா நாளைக்கு நடந்தது. இவனுக்குப் பதினெட்டு ஆவுற அன்னிக்கும் ஈரமா இருக்கும்ல? அன்னிக்கு இவன் பெரிய மனுசன். பெரிய ஜெயிலு."

இந்த வாதத்தை நான் இன்றுவரை மனதுக்குள் உடைத்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் மற்றப் பையன்களுக்குப் பதினெட்டு என்றால் ஓட்டு, லைசென்ஸ், முதல் முழுக்கால் சட்டைக்குப் பிறகான இரண்டாவது கர்வம். எங்கள் பையன்களுக்குப் பதினெட்டு என்றால் பெரிய சிறையின் கதவு எட்டுகிற உயரத்துக்கு அவர்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு பையன் வளர்வதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறவர்கள் இந்த நாட்டில் அவனைப் பெற்றவளும் காவல்துறையும்தான் என்றால், பெற்றவள் என்ன செய்வாள்? எங்கள் அம்மா தேதித் தாளைக் கிழிப்பதை நிறுத்தினாள். எபி, அரும்பிய மீசையைத் தினம் இரண்டு தடவை வழித்தான், அரை டிராயரைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான், உடைந்த குரலை மறுபடி ஒட்டவைத்துப் பேசிப் பார்த்தான், சாப்பாட்டைக் குறைத்தால் உயரம் நிற்குமா என்று என்னிடம் கேட்டான். அவன் வளர்ந்துகொண்டேதான் இருந்தான், பாவி, பங்குனியில் நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டான்.

கேரம் கொட்டகைக்குப் போனால், படம் பார்த்துவிட்டு வந்த வெளியூர்க்காரர்கள் சுற்றி நின்று போன் எடுத்தார்கள். "ப்ரோ, ஒரு தடவ மொறைங்க ப்ரோ." டில்லியிடம், "ப்ரோ, ஒரு தடவ செத்துக் காட்டுங்க ப்ரோ." டில்லி முதலில் விளையாட்டாகச் செத்துக் காட்டினான். நாக்கைத் தள்ளி, கண்ணைச் சொருகி, பலகை மேல் தலையைச் சாய்த்து. ஒருநாள் அவன் அப்படிச் சாய்ந்திருந்தபோது எபி ஸ்ட்ரைக்கரைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தான்.

"உனக்கு இன்னாடா, எப்ப வேணா செத்துக்கலாம். ஜெயிலுக்குப் போறவன் நானு. நீ நெஜமாவே செத்திருந்தா ஒரே தடவையோட போயிருக்கும்."

டில்லி தலையைத் தூக்கவில்லை. அன்றிலிருந்து அவன் துறைமுக லைன் பக்கம் வரவில்லை. இதைப் பார்த்த பொடியன்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ரத்தத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீங்கள் என்று முதல்முறையாகக் கல் எறிந்துகொண்டார்கள், படத்தில் வந்த வசனத்தையே சொல்லிக்கொண்டு. இயக்குநர் இட்டுக்கட்டிய பகை, படம் வெளிவந்த பிறகு எங்கள் தெருவுக்கு நிஜமாகவே குடிவந்தது. இதையும் அழகியல் என்பார்களோ என்னவோ.

ஆடி வந்தது. எபியின் பிறந்தநாள் அன்றே நகரத்தின் தென்கோடியில், குளிரூட்டிய பெரிய மண்டபத்தில், அந்தப் படத்துக்கு விருது விழா. இரண்டு தெருவுக்கும் அழைப்பு வந்தது: 'நிஜ நாயகர்கள்' என்று எங்களுக்குக் கடைசி வரிசையில் நாற்காலி. இன்ஸ்பெக்டருக்கும் அழைப்பு, முன் வரிசையில், ஏனென்றால் படத்தின் தொடக்கத்தில் அவருடைய ஸ்டேஷனுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அவர் காலையில் இட்லிக்கடைக்கு முன் ஜீப்பை நிறுத்தி, "ஃபங்ஷனை முடிச்சிட்டு நேரா வந்துடறேன். பையன ரெண்டு செட்டுத் துணியோட ரெடியா இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, வடையும் பார்சல் வாங்கிக்கொண்டு போனார்.

ஜீப் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார் அமுலு அக்கா. பிறகு மாவுக் கரண்டியை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து ரத்தத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இது எவன் வூட்டு சாமான்?" என்று கேட்டார், யாரிடமும் இல்லாமல். "நாம இன்னாத்துக்கு இத கழுவுறோம், மூடுறோம்? அவங்களுது, அவங்ககிட்ட குடுத்துட்டு வந்தா ஆச்சு."

கரண்டியை விட்டு மொண்டார். வந்தது. பிளீச்சிங் பவுடருக்கும் சிமெண்டுக்கும் அசையாதது, தோசை மாவு மாதிரி மெத்தென்று கரண்டிக்குள் வந்து உட்கார்ந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றினார், மொண்ட இடத்தில் வெறும் தரை தெரிந்தது, நாங்கள் மறந்தே போயிருந்த பழைய தார். அதுவரை எல்லோரும் அதை அழிக்கத்தான் பார்த்திருந்தோம், எடுக்க யாரும் பார்க்கவில்லை. ஒரு குடம் நிறைந்ததும் இன்னொரு குடம் வந்தது; தண்ணீர் லாரிக்கு நிற்பதுபோல இரண்டு தெருப் பெண்களும் வரிசை கட்டினார்கள், வரிசையில் வழக்கம்போல, "நீ பின்னால வந்த", "யாரு பின்னால வந்தது?" என்று சண்டையும் போட்டுக்கொண்டார்கள், அந்தச் சண்டையைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. கடைசிக் குடத்தைத் தூக்கிக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்ற ஒரு கை போதவில்லை. எபி ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கம் பிடித்தது டில்லி.

"மெதுவா" என்றான் எபி.

"நீ ஒழுங்காப் புடி. நீ எதத்தான் வுடாம இருந்த?" என்றான் டில்லி.

மண்டப வாசலில் கோட்டுப் போட்ட காவலாளிகள் தடுத்தார்கள். குடத்தில் என்ன என்று கேட்டார்கள். "படத்து பிராப்பர்ட்டிப்பா" என்றார் அமுலு அக்கா, படப்பிடிப்பில் நாளெல்லாம் கேட்டுப் பழகிய வார்த்தையை. வழி விட்டுவிட்டார்கள். மேடைக்கு முன்னால் வெள்ளை விரிப்பு விரித்திருந்தது, அதன் மேல் நடக்கத் தயங்குகிற அளவுக்கு வெள்ளை. குடம் குடமாக அதில் ஊற்றினோம். எங்கள் முனையில் எந்த வடிவத்தில் கிடந்ததோ அதே வடிவத்தில், அப்போதுதான் யாரையோ வெட்டிப் போட்டதுபோல, அது விரிந்து பளபளத்தது.

நான் வாதங்களோடு தயாராக நின்றேன். பிறகு கைதட்டல் ஆரம்பித்தது. முன் வரிசை எழுந்து நின்று தட்டியது, மேடையிலிருந்து இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி ஓடிவந்தார், எபியைக் கட்டிக்கொண்டார், மைக்கில் "இதுதான் எதிர்ப்பின் கலை" என்றார், யாரோ வெல்வெட் கயிறு கொண்டுவந்து ரத்தத்தைச் சுற்றிக் கட்டினார்கள், யாரோ அதன் மேல் விளக்கைத் திருப்பினார்கள், ஒரு பெண்மணி என் காதருகே, "எவ்வளவு ரா, அப்படியே பச்சையா இருக்கு இல்ல?" என்றார். எங்கள் தெருவில் அதற்குப் பிளீச்சிங் பவுடர். இங்கே வெல்வெட்.

பேசியது அமுலு அக்காதான். கயிற்றுக்குள் ரத்தத்தின் ஓரமாகவே நடந்து, முன் வரிசையில் இன்ஸ்பெக்டர் நின்ற இடத்துக்கு நேராகப் போனார், எபியின் மணிக்கட்டை ஒரு கையிலும் டில்லியின் மணிக்கட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு. கேமராக்கள் பின்னாலேயே போயின.

"சார், இங்க இவ்ளோ ரத்தம் கெடக்குது. இங்க யாரையும் புடிக்கலியா? தோ, மேடை மேல இத்தன பேரு கீறாங்க."

இன்ஸ்பெக்டர் கேமராவைப் பார்த்தார், மேடையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களைப் பார்த்தார், பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"என்னம்மா நீ, விவரம் தெரியாம. இது சினிமா ரத்தம்."

மண்டபமே சிரித்தது. அமுலு அக்கா சிரிக்கவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு சார். பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

"சினிமா ரத்தம்மா! சர்க்கரைப் பாகு!" என்றார் அவர் சத்தமாக; சொல்லி முடிக்கிற இடத்தில்தான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே கேட்டது. சிரிப்பு அவர் முகத்தில் மாட்டிக்கொண்டு இறங்க வழி தெரியாமல் நின்றது.

எபி ஒரு அடி முன்னால் வந்தான். காலையில் அவன் மீசையை வழிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"சார், எனக்கு இன்னிக்குப் பதினெட்டு" என்றான், ஒட்டவைக்காத குரலில்.

விளக்குகள் அவர்கள் இரண்டு பேர் மேலும் இருந்தன. கீழே ரத்தம் ஈரமாக மினுங்கியது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், எபியைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினார்.

"ஹேப்பி பர்த்டேப்பா."

எபி அந்தக் கையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான், கேமராக்காரர்கள் நெருங்கினார்கள், இயக்குநர் தன் உதவியாளரிடம் எடு எடு என்றார், மண்டபம் தட்டத் தயாராகக் கையைத் தூக்கியது. என் தம்பி கையைக் கொடுக்கவில்லை, வெல்வெட் கயிற்றைக் காலால் தாண்டி, எங்களோடு வெளியே நடந்தான்.